டெலிஃபோட்டோ லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும்?

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை பழவேற்காட்டு ஏரியைக் குறுக்கே வகிர்ந்துகொண்டு போகிறது. மார்கழி, தை மாதங்களில் அச்சாலையின் ஓரத்தில் டிரைபாடை நிறுத்திப் பூநாரைகளைப் படமெடுப்பவர்களிடம், அவ்வழியே செல்பவர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இது எவ்வளவு தூரம் சார் இழுக்கும்?” தடா பக்கத்துக்காரர் தமிழில் கேட்டாலும், நாயுடுப்பேட்டைக்காரர் தெலுங்கில் கேட்டாலும், கேள்விக்குள் இருக்கும் எண்ணம் மாறுவதில்லை. தூரத்தில் இருப்பதை இந்தக் குழாய் பக்கத்தில் இழுத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதே அந்த எண்ணம்.

அரைக் கிலோமீட்டர் என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். நானும் பல முறை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் டெலிஃபோட்டோ லென்ஸ் எதையும் இழுப்பதில்லை. எதிரே விரிந்து கிடக்கும் காட்சியிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் முழுவதும் பரப்புகிறது, அவ்வளவே. நமக்கும் பறவைக்கும் இடையிலுள்ள தூரமும், அத்தூரத்தை நிரப்பியிருக்கும் காற்றும் தூசியும் ஈரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புதிதாக நீண்ட லென்ஸ் வாங்கியவர்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி, இதை மறந்துவிடுவதால் வருபவை.

சொல்லுக்கு இரண்டு பொருள்

‘டெலி’ என்பது தொலைவு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டெலிஃபோனிலும் டெலிஸ்கோப்பிலும் இருப்பது அதுவே. படமெடுப்பவர்களின் பேச்சில் டெலிஃபோட்டோ, அல்லது சுருக்கமாக டெலி, என்றால் சாதாரண லென்ஸைவிடக் குவியத்தொலைவு கூடுதலான லென்ஸ் என்று பொருள். குவியத்தொலைவு என்பது லென்ஸின் மேல் மி.மீ.யில் பொறித்திருக்கும் எண்; அது கூடக் கூட, லென்ஸ் எடுக்கும் காட்சித் துண்டு சிறிதாகும். ‘சாதாரணம்’ எது என்பதைச் சென்சாரின் அளவே தீர்மானிக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது; அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. ஆகையால் அதற்கு நெருக்கமான 50 மி.மீ. லென்ஸைச் சாதாரண லென்ஸ் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 85 மி.மீ. முதல் டெலி தொடங்குகிறது. 135 வரை குறுகிய டெலி, 300 வரை நடுத்தர டெலி, அதற்கு மேல் சூப்பர் டெலி என்பது வழக்கிலுள்ள பிரிவு. இந்த எல்லைகளை ஒவ்வொருவரும் சற்று முன்பின்னாகச் சொல்வார்கள். அதில் சண்டையிட ஒன்றுமில்லை.

ஒளியியலில் இதே சொல்லுக்கு இன்னும் இறுக்கமான பொருள் உண்டு. 400 மி.மீ. குவியத்தொலைவுள்ள ஒற்றைக் குவிலென்ஸைக் கொண்டு தொலைவிலுள்ள பறவையைப் படமெடுக்க வேண்டுமானால், லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 400 மி.மீ. தூரம் விட்டாக வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காக முன்புறம் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதியையும், அதற்குப் பின்னே ஒளியைச் சற்று விரிக்கும் குழிலென்ஸ் தொகுதியையும் வைக்கிறார்கள். குவிந்துவரும் கதிர்களைப் பின்தொகுதி கொஞ்சம் விரித்துவிடுவதால், அவை இன்னும் தொலைவிலுள்ள ஒரு லென்ஸிலிருந்து வருவன போன்ற சாய்வில் சென்சாரை அடைகின்றன. இதனால் லென்ஸின் உடல் அதன் குவியத்தொலைவைவிடக் குட்டையாகிவிடுகிறது. இந்த அமைப்புக்குத்தான் டெலிஃபோட்டோ என்னும் பெயர் உரியது. இலண்டனைச் சேர்ந்த தாமஸ் ருடால்ஃபஸ் டால்மேயர் 1891இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே என்பவரும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார்.

எடுத்துக்காட்டுக்கு, நிக்கான் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 300 மி.மீ. எஃப் 4 பி.எஃப். லென்ஸின் (எஃப் எண் ஒளி நுழையும் திறப்பைக் குறிக்கும்; எண் கூடினால் வெளிச்சம் குறையும்) உடல் நீளம் 147.5 மி.மீ. மட்டுமே. லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள 46.5 மி.மீட்டரைக் கூட்டினாலும் மொத்தம் 194 மி.மீ. ஆகிறது, அதாவது குவியத்தொலைவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்த விகிதம் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால்தான் அது கண்டிப்பான பொருளில் டெலிஃபோட்டோ. இன்று கடையில் கிடைக்கும் நீண்ட லென்ஸ்கள் ஏறக்குறைய அனைத்தும் இவ்வமைப்பைக் கொண்டவையே என்பதால், இரு பொருளும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

கலக்கக் கூடாத வேறு இரு சொற்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் படமெடுப்பவர்களில் பலர் நீளமான எந்த லென்ஸையும் ‘ஜூம்’ என்றே சொல்கிறார்கள். ஜூம் என்றால் குவியத்தொலைவை மாற்றிக்கொள்ளக் கூடியது என்று மட்டுமே பொருள். 16-35 ஒரு ஜூம் லென்ஸ். அதில் டெலி என்று சொல்ல ஒன்றுமில்லை. மாறாத 400 மி.மீ. பிரைம் லென்ஸ் டெலியே தவிர ஜூம் அன்று. 100-400 இரண்டுமாக இருக்கிறது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் ‘நல்ல ஜூம்’ என்று போட்டிருப்பதை நம்பிவிடாமல், லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விரலால் அளந்து பார்த்தல்

400 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கேமராவில் எவ்வளவு அகலத்தைக் காட்டும் என்று அறியக் கேமராவே தேவையில்லை. ஒரு கையை முழுவதும் நீட்டி, நடு மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்தால் அவை மறைக்கும் அகலம் ஏறத்தாழ 5 பாகை. லென்ஸ் காட்டும் கிடையகலமும் அதுவே. 50 மி.மீ. லென்ஸ் காட்டும் கிடையகலம் ஏறத்தாழ 40 பாகை. ஏரிக்கரையில் நின்று மூன்று விரலை நீட்டிப் பார்க்கும்போது, பூநாரைக் கூட்டம் விரல்களுக்குப் பின்னே முழுவதும் மறைகிறதா, இருபுறமும் பிதுங்குகிறதா என்பதைக் கொண்டு, பையிலிருந்து எந்த லென்ஸை எடுப்பது என்று முடிவு செய்துவிடலாம்.

உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதையும் எளிதில் கணக்கிடலாம். குவியத்தொலைவைப் பொருளின் உயரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், சென்சாரில் விழும் உருவத்தின் உயரம் கிடைக்கும். கழுத்தை நிமிர்த்தி நிற்கும் பெரும் பூநாரையின் உயரத்தை 1.3 மீட்டர் என்று கொள்வோம். அது 100 மீட்டர் தள்ளி நின்றால், 400 மி.மீ. லென்ஸ் தரும் உருவம் 5.2 மி.மீ. சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆகையால், படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். அவ்வளவு பெரிய லென்ஸைச் சுமந்துவந்து, இவ்வளவு சிறிய பறவையா என்று புதியவர்கள் மனம் சோர்வது இங்கேதான்.

ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவில் அதே லென்ஸ் அதே 5.2 மி.மீ. உருவத்தைத்தான் தருகிறது, சென்சாரின் உயரம் 16 மி.மீட்டருக்கும் குறைவாக இருப்பதால் பறவை படத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்புகிறது. ‘கிராப் பாடியில் போட்டால் 400 லென்ஸ் 600 ஆகிவிடும்’ என்று சொல்வது வசதிக்கான பேச்சு. லென்ஸ் மாறுவதில்லை, அது தரும் காட்சியின் ஓரங்கள் சென்சாருக்கு வெளியே விழுகின்றன. ஆனாலும் இரண்டும் 24 மெகாபிக்சல் கேமராக்களாக இருந்தால், கிராப் சென்சாரில் அப்பறவையின் மேல் விழும் பிக்சல்கள் கூடுதல் என்பதால், பறவைகளைப் படமெடுப்பவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கணக்கில் நான் உண்மையாகவே கற்றுக்கொண்டது வேறொன்று. பறவை 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வந்தால் உருவம் இரண்டு மடங்காகிறது, 400 மி.மீ. லென்ஸை 800 ஆக மாற்றினாலும் அதே இரண்டு மடங்குதான். இரண்டாவது வழிக்கு ஆகும் பணத்தை எண்ணிப் பார்த்தால், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து பறவையை அதன் போக்கில் மேய்ந்துவர விடுவது மிகவும் மலிவு. நாம் பறவையை நோக்கிச் சேற்றில் இறங்குவது வேறு. மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று அறிந்து நின்றுவிட வேண்டும். சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் காலத்தில் பார்வைக் கோபுரத்தை விட்டு இறங்காமல் எடுப்பதே முறை.

ஆட்டம்

காட்சி சிறு துண்டாகக் குறுகிவிட்டபடியால், கையின் சிறு நடுக்கமும் அத்துண்டில் பெரிய ஆட்டமாகிவிடுகிறது. குவியத்தொலைவு எவ்வளவோ அவ்வளவில் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைக்கக் கூடாது என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதி: 400 மி.மீ. லென்ஸுக்கு 1/400 நொடி, கிராப் சென்சாராக இருந்தால் ஏறத்தாழ 1/640 நொடி. லென்ஸில் ஆட்டந்தாங்கி இருந்தால் இதைவிட மெதுவான ஷட்டரிலும் கை நடுக்கம் தெரியாது. ஆனால் அது நம் கையின் ஆட்டத்தை மட்டுமே தாங்கும். பறவையின் அசைவை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1/1600 நொடியோ அதற்கும் குறைந்த நேரமோ வேண்டும். வெளிச்சம் போதாதபோது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, உயர்த்தத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: புள்ளிகள் நிறைந்த தெளிவான படத்தைப் பின்னால் ஓரளவு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்துக்கு மருந்தில்லை.

லென்ஸைப் பிடிக்கும்போது இடக்கையை கேமராவின் அடியில் வைக்காமல், லென்ஸின் எடை சமநிலை கொள்ளும் இடத்தில் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். டிரைபாடில் பூட்டும்போது லென்ஸின் நடுவைச் சுற்றியுள்ள காலர் என்னும் பட்டையைத்தான் பூட்ட வேண்டும். கேமராவைப் பூட்டினால் முன்பாரம் இழுத்து, பொருத்தும் வளையமே நாளடைவில் தளர்ந்துவிடும். காரின் ஜன்னலிலிருந்து எடுப்பவர்களுக்கு, தடித்த துணியில் தைத்து இரண்டு கிலோ அரிசியோ கம்போ நிரப்பிய பை விலையுயர்ந்த டிரைபாடைவிடப் பயன்படும். அப்போது வண்டியின் எஞ்சினை நிறுத்திவிடுவது கட்டாயம், ஏனெனில் கைக்குத் தெரியாத அதன் அதிர்வு லென்ஸுக்குத் தெரியும். ஏரியின் மேல் காற்று வீசும் நாள்களில் லென்ஸின் முன்னே மாட்டிய ஹுட் என்னும் ஒளிமறைப்புக் குழல் பாய்மரம்போலக் காற்றைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

குறுகிய பார்வையில் பறவையைத் தேடிப் பிடிப்பதே முதல் வாரத்தில் பெரும்பாடாக இருக்கும். ஜூம் லென்ஸாக இருந்தால் 100இல் பறவையைக் கண்டுபிடித்து நடுவில் வைத்துக்கொண்டு, பிறகு 400க்குச் செல்லலாம். பிரைம் லென்ஸாக இருந்தால், வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்த பார்வையை எடுக்காமல், கேமராவைக் கண்ணுக்கு உயர்த்திப் பழக வேண்டும். கேமராவைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும்.

கானல்

முதன்முதலாக 400 மி.மீ. லென்ஸ் வாங்கிய ஆண்டில், காலை 11 மணிக்கு மேல் அந்த ஏரிச் சாலையில் நான் எடுத்த படங்கள் எல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் பார்த்ததுபோலக் குழைந்திருந்தன. குறை லென்ஸில்தான் என்று முடிவு கட்டிச் சென்னையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்து, ஃபோகஸைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்த படங்கள் அதே போல் குழைந்திருந்தன; அன்று விடிந்து சற்று நேரத்தில் எடுத்தவை மட்டும் இறகின் நுனிவரை தெளிவாக இருந்தன. அப்போதுதான் குறை எங்கே என்று புரிந்தது.

வெயிலில் காய்ந்த சேறும் தார்ச்சாலையும் தம் மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அவை கலந்து அலையும்போது பறவையின் விளிம்புகளும் அலைகின்றன. சங்கப் பாடல்கள் பேய்த்தேர் என்று சொன்ன கானலைப் பிறப்பிப்பதும் இதே சூடுதான். வெறுங்கண்ணுக்கு இது தெரியாத நேரத்திலும் நீண்ட லென்ஸ் இதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். ஷட்டரை வேகமாக்கினாலும், டிரைபாடில் வைத்தாலும், இன்னும் விலையுயர்ந்த லென்ஸை மாட்டினாலும் இது தீராது. இதற்குள்ள வழிகள் மூன்றே: சூரியன் ஏறுவதற்கு முன் எடுத்து முடிப்பது, தூரத்தைக் குறைப்பது, சூடான தரைக்கு மேலாக அல்லாமல் தண்ணீருக்கு மேலாகப் பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுப்பது. காருக்குள் குளிர்சாதனத்தை ஓடவிட்டு ஜன்னலைத் திறந்து எடுப்பவர்கள், கானலைத் தாங்களே ஜன்னலில் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

லென்ஸில் குறையா, காற்றில் குறையா என்று அறிய எளிய சோதனை உண்டு. காலையில் 10 மீட்டர் தூரத்தில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, டிரைபாடில் வைத்துப் படமெடுங்கள். எழுத்துகள் தெளிவாக விழுந்தால் லென்ஸைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

நெருக்கமும் மங்கலும்

டெலி லென்ஸ் முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்துக் காட்டும் என்பது பரவலான கருத்து. அது லென்ஸின் வேலையன்று. நாம் நிற்கும் இடத்தின் வேலை. கரையில் இரண்டு படகுகள் 10 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படகிலிருந்து 10 மீட்டரில் நின்றால், இரண்டாவது படகு நம்மிடமிருந்து 20 மீட்டர்; ஆகவே அது பாதி அளவில் தெரியும். 100 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டாவது 110 மீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகி நெருங்கி நிற்கும். அந்த 100 மீட்டரிலிருந்து 50 மி.மீ. லென்ஸால் எடுத்து நடுவை மட்டும் வெட்டிப் பார்த்தாலும் இதே நெருக்கம் தெரியும். அவ்வளவு தள்ளி நிற்க நமக்கு இடங்கொடுப்பதுதான் டெலி லென்ஸின் பங்கு. முகங்களை எடுக்க 85 மி.மீ. முதல் 135 மி.மீ. வரை விரும்புவதன் காரணமும் இதுவே: இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும்போது மூக்கு பெரிதாகத் துருத்துவதில்லை.

தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 400 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 வைத்து 10 மீட்டரிலுள்ள கொக்கை எடுத்தால், தெளிவான ஆழம் ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே. ஆகையால் ஃபோகஸ் புள்ளியை உடலில் வைக்காமல் கண்ணில் வைக்க வேண்டும். பின்புலம் வெண்ணெய்போல் கரைவதும் இந்தக் குறைந்த ஆழத்தால்தான். அது அழகுக்கு உதவும். ஆனால் கூட்டமாக நிற்கும் பூநாரைகளில் ஒன்று மட்டும் தெளிவாகி மற்றவை கரைந்துபோவது சில நேரம் படத்தைக் கெடுத்தும் விடும். லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் எல்லையைக் குறைக்கும் பொத்தான் இருந்தால், தொலைவுக்கு மட்டும் என்னும் நிலையில் வைத்துவிடுங்கள். பறவை தப்பும் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் காலடிவரை போய்த் திரும்பாது.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டிக் குவியத்தொலைவைப் பெருக்கும் டெலிகன்வர்ட்டரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும், 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும்; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் முதலாவதோடு 420 மி.மீ. எஃப் 5.6 ஆவது பயனுள்ளது. 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் இரண்டாவதோடு 800 மி.மீ. எஃப் 11 ஆவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கைப்பேசிகளில் டெலி என்று எழுதியிருப்பதும் பொய்யன்று. ஹுவாவே பி30 புரோ 2019இல் வந்தபோது, ஒளியை உள்ளே பக்கவாட்டில் மடக்கிச் செலுத்தி, ஃபுல் ஃபிரேமில் 125 மி.மீ.க்கு இணையான காட்சியைத் தந்தது. இவ்வகைக் கைப்பேசியில் தனி லென்ஸ் தரும் மடங்கு எது, அதற்கு மேல் மென்பொருள் வெட்டிப் பெருக்கும் மடங்கு எது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, முதலாவதோடு நின்றுகொள்வது நல்லது.

ராக்கெட் ஏவும் நாளில் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கே விடை சொல்லும். பி.எஸ்.எல்.வி.யின் உயரம் ஏறத்தாழ 44 மீட்டர். 15 கி.மீ. தள்ளி நின்று 400 மி.மீ. லென்ஸால் எடுத்தால், உருவம் 1.2 மி.மீ.கூட இராது, அதுவும் பகலில் அத்தனை தூரக் கானலுக்கும் உப்பு ஈரத்துக்கும் ஊடாக. புகைத்தடமும் ஏரியும் கூட்டமும் சேர்ந்து விழும் அகன்ற லென்ஸ் அன்று நல்ல துணை. எந்த லென்ஸாக இருந்தாலும் ஏவுதள வளாகத்தின் வாயிற்பக்கமும் சோதனைச் சாவடிப் பக்கமும் அதைத் திருப்ப வேண்டாம்.

வீடு திரும்பியதும் லென்ஸின் உடலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். முன்கண்ணாடியைத் துடைக்கும் முன் ஊதுகுமிழால் உப்புத் துகளை ஊதிவிட வேண்டும். அதைச் செய்யாமல் துடைத்தால் துகள் மேற்பூச்சைக் கீறும். டிரைபாடின் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, பூட்டுகளைத் திறந்துவைத்தபடியே நிழலில் காயவையுங்கள். ஏரிச் சேறு உள்ளே காய்ந்துவிட்டால், அடுத்த வாரம் கால் நீளாது.